திசை மாறி வந்த கடலுயிர்கள்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், வெப்பமண்டலக் கடலில் வாழும் உயிர்கள் தமக்குரிய எல்லையைக் கடந்து, குளிர்ந்த கடற்கரைகளில் அரிதாகத் தென்படுவதைப் பற்றியது. செய்தித்தாள்கள் இதனை ஒரு விந்தையாகவே வெளியிடுகின்றன. ஒரு நாள் ஒரு படம் வரும். மறுநாள் அது மறந்துபோகும். ஆனால் அவ்வுயிரின் நிலையில் நின்று எண்ணிப்பார்த்தால், அது விந்தை அன்று. வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட நெருக்கடி. அதனைக் கரையில் நின்று காணும் மனிதனுக்கும் அந்தக் கணத்தில் ஒரு கடமை பிறக்கிறது. அக்கடமையைச் செய்ய இரக்கம் மட்டும் போதுமா, அறிவும் உடன் வேண்டுமா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

வலசையும் வழிமாற்றமும்

தமிழில் ‘வலசை’ என்றோர் அழகிய சொல் உண்டு. பறவைகள் பருவம் அறிந்து ஓரிடம் விட்டு வேறிடம் செல்வதும், பின்னர் திரும்புவதும் வலசை. அதில் ஒழுங்கு உண்டு; தலைமுறை தலைமுறையாக வந்த வழியறிவு உண்டு. திசை மாறி வருவது அத்தகையதன்று. அதில் ஒழுங்கு இல்லை. பெரும்பாலும் மீட்சியும் இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற்பாடம்.

ஏழுவரி ஆமை என்று தமிழகக் கடற்கரை மக்கள் வழங்கும் பேருடல் ஆமையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1988ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரித்தானியத் தீவின் வேல்ஸ் பகுதியில், ஹார்லெக் என்னும் ஊரின் கடற்கரையில் அவ்வின ஆமையொன்று இறந்து ஒதுங்கியது. அதன் எடை 900 கிலோவுக்கும் மேல். நீளம் ஏறத்தாழ 2.9 மீட்டர். அதுவரை அளந்தறியப்பட்டவற்றுள் அதுவே மிகப் பெரிய ஏழுவரி ஆமை. இன்றும் அதன் உடல் கார்டிஃப் நகரத் தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

வெப்பநாட்டு மணலில் முட்டையிடும் ஆமை, வேல்சின் குளிர்நீரில் காணப்பட்டால், வழி தவறி வந்ததென்றே எவரும் கருதுவர். ஒரு காலத்தில் அறிஞரும் அவ்வாறே கருதினர். பின்னர் நடந்த ஆராய்ச்சி அதை மாற்றியது. இவ்வாமை சொறிமீன்களை உண்டு வாழ்வது. கோடையில் அவ்வுணவு வடகடலில் மிகுதி. ஆகவே உணவை நாடி, அது தானே அறிந்து அங்குச் செல்கிறது. பெரிய உடலும், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பும், குருதிக்குழாய்களின் தனிப்பட்ட அமைப்பும் சேர்ந்து, சூழ்ந்த நீர் குளிர்ந்திருப்பினும் உடலின் வெப்பத்தைக் காக்கின்றன. ஆகவே அது விருந்தாளி, வழிதவறியது அன்று. ஹார்லெக் ஆமை இறந்தது குளிராலும் அன்று. மீன்பிடி கயிற்றில் சிக்கி, மூச்செடுக்க மேலே வர இயலாமல் இறந்தது.

ஓர் உயிர் எதிர்பாராத இடத்தில் காணப்பட்டது என்பதனால் மட்டும் அது வழிதவறியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அறியாதது அதுவா, காண்பவரா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

நீரோட்டத்தின் பிள்ளைகள்

இனி, உண்மையிலேயே வழிமாறி வருவனவற்றைக் காண்போம். அவற்றுள் முதல் வகை, தம் விருப்பம் இன்றி நீரோட்டத்தால் சுமந்து செல்லப்படுபவை. கடல்தொழில் செய்வோர் ‘நீவாடு’ என்று வழங்கும் நீரோட்டத்தின் வலிமையை நெய்தல் நில மக்கள் நன்கறிவர். படகையே இழுத்துச் செல்லும் நீவாட்டின் முன், ஊசிமுனை அளவான மீன்குஞ்சு என்ன செய்ய முடியும்?

அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஃபுளோரிடாவை ஒட்டிக் கல்ஃப் நீரோட்டம் என்னும் வெந்நீர்ப் பேராறு வடக்கு நோக்கி ஓடுகிறது. பவளப்பாறைகளில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன் முதலியவை நீரில் விடும் முட்டைகளும் குஞ்சுகளும் அந்த ஓட்டத்தில் அகப்படுகின்றன. அதிலிருந்து பிரியும் வெந்நீர்ச் சுழல்கள் அவற்றை வடகிழக்குக் கரைக்குக் கொண்டு சேர்க்கின்றன. கோடையின் பிற்பகுதியில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கடற்கரைப் பாறைகளில், நாணயம் அளவேயான வண்ண மீன்கள் நீந்துவதைக் காணலாம். நீர் வெதுவெதுப்பாக இருக்கும்வரை அவை உண்டு வளர்கின்றன. இலையுதிர்காலம் முடியும்போது நீர் குளிர்கிறது. திரும்பிச் செல்ல அவற்றுக்கு வழியும் தெரியாது, வலிமையும் கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. அப்பகுதி மக்கள் அவற்றைக் ‘கல்ஃப் நீரோட்டத்தின் அநாதைகள்’ என்று அழைக்கின்றனர். பாஸ்டன் நகரிலுள்ள நியூ இங்கிலாந்து மீன்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி, சிறு வலைகளால் அவற்றுள் சிலவற்றைப் பிடித்து வளர்க்கின்றனர்.

சப்பானியர் இந்நிலைக்கு இன்னும் கடுமையான ஒரு பெயரைச் சூட்டியுள்ளனர். குரோஷியோ என்னும் வெந்நீரோட்டம் தெற்கிலிருந்து வெப்பமண்டல மீன்குஞ்சுகளைச் சுமந்துவந்து, அந்நாட்டின் முதன்மைத் தீவாகிய ஹொன்ஷுவின் கரைகளில் விடுகிறது. கோடையில் வந்து குளிரில் மடியும் இப்பயணத்தை அவர்கள் ‘ஷிமெட்சு கைய்யூ’ என்பர். ‘அழிவில் முடியும் பயணம்’ என்பது அதன் கருத்து. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலோட்டமும் இதே போன்று பவளப்பாறை மீன்களைச் சிட்னி நகரின் கரைவரை கொண்டு வருகிறது. அங்கும் பெரும்பாலானவை குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. ஆயினும் குளிர் குறைந்த சில ஆண்டுகளில், சில மீன்கள் குளிர்காலத்தைக் கடந்து பிழைத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

கடல் வெப்பமுறும் ஆண்டுகள்

இரண்டாம் வகை, கடலே தன் இயல்பு மாறும் ஆண்டுகளில் வருபவை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிட வெப்பமுறும். அதனை எல் நினோ என்பர். 1982-83, 1997-98, 2015-16 ஆகிய ஆண்டுகளில் தோன்றியவை, பதிவானவற்றுள் மிக வலிமையானவை. வெந்நீரின் எல்லை அப்பொழுது வடக்கே நகர்கிறது. அந்நீரில் வாழும் உயிர்களும் அதனுடன் நகர்கின்றன. உண்மையில் அவை தம் எல்லையைக் கடப்பதில்லை. எல்லையே அவற்றைச் சுமந்துகொண்டு இடம்பெயர்கிறது என்று கூறுவதே பொருந்தும்.

2015ஆம் ஆண்டு கோடையில், மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கடலில் வாழும் செந்நண்டுகள், அமெரிக்காவின் சான் டியேகோ கரையில் எண்ணிறந்தனவாக ஒதுங்கின. மணற்பரப்பே செந்நிறக் கம்பளம் விரித்தாற்போல் காட்சியளித்தது. அதே ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டு அருகே, சில்வர் ஸ்ட்ராண்ட் கடற்கரையில் மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு ஒன்று காணப்பட்டது. அம்மாநிலத்தில் அவ்வினம் முதன்முதலாகப் பதிவானது 1972இல். பிறகு நெடுங்காலம் காணப்படவில்லை. 2015 டிசம்பரில் போல்சா சிகா கரையிலும், 2016 சனவரியில் கொரொனாடோ கரையிலும் மேலும் இரண்டு ஒதுங்கின.

இப்பாம்பு தமிழருக்கு அயலானது அன்று. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் வழியாக அமெரிக்காவின் மேற்குக் கரைவரை பரவியிருக்கும் இனம் இது. இந்தியக் கரைகளிலும் உண்டு. உலகின் பாம்புகளுள் மிகப் பரந்த எல்லை உடையது இதுவே எனலாம். வாழ்நாள் முழுவதையும் கடற்பரப்பிலேயே கழிக்கிறது. குட்டிகளையும் நீரிலேயே ஈனுகிறது. துடுப்பு போன்ற வாலும் தட்டையான உடலும் நீந்துவதற்கு ஏற்றவை. நிலத்தில் ஊர்வதற்கு ஏற்றவை அல்ல. இதன் குடிநீர் எது என்பது வியப்புக்குரியது. கடல் நடுவே வாழ்ந்தும் இப்பாம்பு கடல்நீரைக் குடிப்பதில்லை. மழை பெய்யும்போது கடலின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகத் தேங்கும் நன்னீரைக் குடித்து, மழையற்ற மாதங்களில் தாகத்துடன் காத்திருக்கிறது. இத்தகைய உயிர் கரையில் கிடந்தால், நோயினாலோ குளிரினாலோ சோர்ந்தே கிடக்கிறது என்று அறியலாம். அதன் நஞ்சு கொடியது, ஆகவே தொடலாகாது. ஆயினும் அது யாரையும் கடிக்க வந்ததன்று. கரையேறித் தாக்கும் இயல்பும் அதற்கு இல்லை. அஞ்சி அடிப்பதற்கும் அருகே சென்று தூக்குவதற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. விலகி நின்று, உரியவர்க்குச் செய்தி அனுப்புவதே அவ்வழி.

தானே புறப்பட்ட பயணி

மூன்றாம் வகை, யாரும் இழுத்துச் செல்லாமல், தன் போக்கில் நெடுந்தொலைவு செல்வது. பாக் நீரிணைப் பகுதி மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவுக்கு, அமெரிக்கக் கண்டத்துக் கரையில் ஓர் உறவினம் உண்டு. அதன் பெயர் மானட்டி. ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும், 450 கிலோவும் அதனினும் மிகுதியும் எடையும் உடையது. முற்றிலும் புல்லும் நீர்ச்செடியும் தின்று வாழும் சாதுவான விலங்கு. பெரிய உடலாயினும் குளிரைத் தாங்கும் கொழுப்பு அதற்கு இல்லை. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே நெடுநாள் இருந்தால் அது நோயுற்று இறக்கும். ஆகவே குளிர்காலத்தில் ஃபுளோரிடாவின் வெந்நீர் ஊற்றுகளிலும், மின்நிலையங்களின் கழிவு வெந்நீர் விழும் இடங்களிலும் கூட்டமாக ஒடுங்கும். கோடையில் பிரிந்து செல்லும். அவ்வாறு செல்பவற்றுள் ஒரு சில, மிகத் தொலைவு போய்விடுகின்றன.

1994ஆம் ஆண்டு கோடையில், மேரிலண்ட் மாநிலத்தின் செசபீக் விரிகுடாவில் ஓர் ஆண் மானட்டி தென்பட்டது. அவ்விரிகுடாவில் வாழ்வதாகக் கதைகள் கூறும் கடற்பூதத்தின் பெயரையே அதற்கு இட்டு, ‘செஸ்ஸி’ என்று அழைத்தனர். நீர் குளிரத் தொடங்கியதும், இனியும் திரும்பாவிடில் இறந்துவிடும் என்று அஞ்சி, அக்டோபரில் அதனைப் பிடித்து விமானத்தில் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுசென்றனர். செயற்கைக்கோள் வழியாகத் தொடர்ந்து அறியும் கருவியை அதன் மேல் பொருத்தி விடுவித்தனர்.

அடுத்த ஆண்டு செஸ்ஸி மீண்டும் புறப்பட்டது. செசபீக் விரிகுடாவையும் கடந்து, நியூயார்க்கையும் கடந்து, ஆகஸ்டில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாயிண்ட் ஜூடித் வரை சென்றது. அதுவரை மானட்டி எதுவும் அத்தனை வடக்கே பதிவானதில்லை. பின்னர் யாரும் துரத்தாமல், யாரும் தூக்காமல், தானே திரும்பியது. வழியில் கருவி கழன்று விழுந்தது. ஆயினும் நவம்பரில் ஃபுளோரிடாவில் அதனைக் கண்டனர். உடலிலிருந்த தழும்புகளைக் கொண்டு 2001இல் வர்ஜீனியாவிலும், 2011இல் மீண்டும் மேரிலண்டிலும் அதனை அடையாளம் கண்டனர். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோயுற்ற நிலையில் ஃபுளோரிடாவில் மீட்கப்பட்டு, சிகிச்சை பெற்று, அவ்வாண்டு மே மாதத்தில் மீண்டும் விடப்பட்டது. முதன்முதல் கண்டபோது வழிதவறியது என்று கருதப்பட்ட ஒரு விலங்கு, 27 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்தது. வழி அறியாதது அதுவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதனைக் கேட்டவுடன், ‘அப்படியானால் எதனையும் மீட்க வேண்டியதில்லை, இயற்கையின் போக்கில் விட்டுவிடலாம்’ என்று சிலர் கூறக்கூடும். அதுவும் பொருந்தாது என்பதை வேறு சில நிகழ்வுகள் காட்டுகின்றன.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் நகரை ஒட்டிய ஹட்சன் ஆற்றில் ஒரு மானட்டி காணப்பட்டது, பலரும் மகிழ்ந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் மற்றொன்று மிசிசிப்பி ஆற்றின் வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டில் நீந்தி, டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரை அடைந்தது. கலங்கிய ஆற்றில் அதனைப் பிடிக்க இயலவில்லை. டிசம்பரில் அதன் உடலே கிடைத்தது. 2008 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டென்னிஸ் என்னும் ஊரின் துறைமுகத்தில் ஒன்று காணப்பட்டது. மீட்டு, தரைவழியாகத் தெற்கே கொண்டு சென்றனர்; பயணம் முடியும் முன்பே அது இறந்தது. அடுத்த ஆண்டு, 2009இல், ‘இல்யா’ எனப் பெயர் பெற்ற மற்றொன்று மாசசூசெட்ஸ் வரை சென்று திரும்பும் வழியில், நியூ செர்சி மாநிலத்தின் லிண்டன் நகரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வெந்நீர் விழும் ஓடையில் ஒதுங்கி நின்றது. அவ்வெந்நீர் ஒன்றே அதன் உயிரைத் தாங்கியது. சுற்றியிருந்த நீரோ நாள்தோறும் குளிர்ந்து வந்தது. அக்டோபர் இறுதியில் அதனை மீட்டு, கடலோரக் காவற்படையின் விமானத்தில் ஃபுளோரிடாவுக்கு அனுப்பினர். அது பிழைத்தது.

செஸ்ஸியை 1995இல் விட்டுவைத்தது சரி; இல்யாவை 2009இல் தூக்கியதும் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நீரின் வெப்பம் எவ்வளவு, விலங்கின் உடல்நிலை என்ன, திரும்பிச் செல்ல இன்னும் எத்தனை நாள் உள்ளது என்பவற்றை அளந்து அறிந்தே அம்முடிவுகள் எடுக்கப்பட்டன. அளந்தறியாமல் விட்டாலும் பிழை நேரும். தூக்கினாலும் பிழை நேரும்.

இங்கு மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். வடகரைகளில் மானட்டியைக் காணும் அன்பர் சிலர், இரக்க மிகுதியால் கீரையும் கோசும் இட்டு, தோட்டக் குழாயால் நன்னீரும் வார்ப்பதுண்டு. அதிகாரிகள் அதனை வேண்டாம் என்று தடுக்கின்றனர். எளிதில் உணவும் நீரும் கிடைக்கும் இடத்தை விலங்கு விட்டகலாது. அங்கேயே தங்கிவிட்டால், குளிர் வந்து சூழும்போது திரும்பும் காலம் கடந்திருக்கும். ஊட்டிய கையே அதன் சாவுக்குக் காரணமாகிவிடும்.

குளிரில் உறையும் ஆமைகள்

இதனினும் தெளிவான பாடத்தைக் கேப் காட் என்னும் நிலமுனையின் ஆமைகள் தருகின்றன. தமிழகக் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கு உடன்பிறப்பு போன்ற இனம் ஒன்று மெக்சிகோ வளைகுடாவில் உண்டு. 1880இல் ரிச்சர்டு கெம்ப் என்னும் ஃபுளோரிடாவாசி ஒருவர் அனுப்பிய ஆமையைக் கொண்டே அறிவியல் உலகம் இதனை அறிந்தது. ஆகவே அதற்கு ‘கெம்ப் ரிட்லி’ ஆமை என்று பெயர். கடலாமைகளுள் மிகவும் அருகியது இதுவே. ஏறத்தாழ அனைத்தும் மெக்சிகோவின் ராஞ்சோ நுவோ என்னும் கடற்கரையிலும் அதன் அண்டையிலும்தான் முட்டையிடுகின்றன. 1947இல் எடுக்கப்பட்ட ஒரு திரைப்படச் சுருளில், ஒரே நாளில் அக்கரையில் ஏறிய ஆமைகள் 40,000 இருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டனர். 1985இலோ, ஆண்டு முழுவதும் சேர்ந்தே 702 முட்டைக்குழிகள் மட்டுமே காணப்பட்டன. முட்டையைத் திருடியதும், இறால் இழுவலைகளில் ஆமைகள் மூழ்கி இறந்ததுமே காரணங்கள். காவலும், ஆமை தப்பும் கருவி பொருத்திய வலைகளும் வந்தபின் எண்ணிக்கை மீண்டு வருகிறது. இந்த இனத்தில் ஒவ்வோர் உயிரும் ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பது இதனால் விளங்கும்.

இவ்வினத்தின் இளம் ஆமைகள் கோடையில் வடக்கே சென்று நண்டு தின்று வளர்கின்றன. இலையுதிர்காலத்தில் தெற்கே திரும்ப வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் நிலமுனையோ, மடக்கிய கை போல் வளைந்து கடலுக்குள் நீண்டிருக்கிறது. விரிகுடாவின் வாய் வடக்கே. ஆமை போக விரும்பும் திசை தெற்கே. தெற்கு நோக்கி எத்தனை முறை நீந்தினாலும் கரையே குறுக்கிடுகிறது. வெளியேற வேண்டுமெனில் முதலில் வடக்கே திரும்பி நீந்த வேண்டும். அதை அந்த இளம் ஆமை அறியாது. நவம்பரில் நீர் 10 டிகிரிக்கும் கீழே குளிர்கிறது. உடலின் வெப்பமும் அதனுடன் இறங்க, கைகால் அசைவற்று, இதயத் துடிப்பு மிகக் குறைந்து, ஆமை மிதக்கிறது. வலிய காற்று அதனைக் கரையில் எறிகிறது. உணவுத் தட்டின் அளவேயான, இறந்தது போல் கிடக்கும் இளம் ஆமைகள் அவை. 2014ஆம் ஆண்டு குளிர்காலத் தொடக்கத்தில் மட்டும் அங்கு ஏறத்தாழ 1,200 ஆமைகள் ஒதுங்கின.

கரையில் கிடக்கும் ஆமையைக் கண்டவுடன் இரக்கமுள்ள மனிதனுக்கு முதலில் என்ன தோன்றும்? ‘நீர்வாழ் உயிர் நிலத்தில் கிடக்கிறதே, நீரில் விடுவோம்’ என்றே தோன்றும். அவ்வாறு விட்டால் அது கட்டாயம் இறக்கும். ஏனெனில் அந்த நீரின் குளிர்தான் அதனை வீழ்த்தியது. அடுத்து, ‘குளிரில் நடுங்குகிறதே, வீட்டுக்கு எடுத்துச்சென்று அடுப்பருகே வைப்போம்’ என்று தோன்றும். அதுவும் தீங்கே. திடீரென வெப்பமேற்றினால் அதன் உடல் தாங்காது.

அப்பகுதியின் ஆடுபான் இயற்கைக் கழகம் மக்களுக்குக் கற்பித்துள்ள முறை எளிது. ஆமையை அலை எட்டாத உயரத்துக்கு நகர்த்துக; காற்று படாதவாறு உலர்ந்த கடற்பாசியால் மூடுக; இடம் தெரியும்படி மிதந்துவந்த கட்டை முதலியவற்றால் அடையாளம் வைக்க; உடனே தொலைபேசியில் செய்தி கூறுக. இவ்வளவே. இறந்தது போலத் தோன்றினும் இதையே செய்ய வேண்டும். ஏனெனில் இறந்தது என்று எண்ணப்பட்ட பல ஆமைகள் பின்னர் உயிர்த்தெழுந்துள்ளன. குயின்சி நகரிலுள்ள ஆமை மருத்துவமனையில் அவற்றின் உடல் வெப்பத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 டிகிரி வீதம், பல நாட்களில் மெல்ல மெல்ல உயர்த்துகின்றனர். நிமோனியா முதலிய நோய்களுக்கு மாதக்கணக்கில் சிகிச்சை அளிக்கின்றனர். பின்னர்த் தன்னார்வ விமானிகள் தம் சிறு விமானங்களில் அவற்றைத் தெற்கே கொண்டு சேர்க்கின்றனர். நவம்பர் மாதத்து நள்ளிரவில், உறையும் காற்றில், கைவிளக்குடன் கரையில் நடந்து ஆமை தேடுபவர்கள் ஊதியம் பெறுவோர் அல்லர். ஓய்வுபெற்றோரும் மாணவரும் இல்லத்தரசியரும் ஆவர்.

இவ்வின ஆமையொன்று அட்லாண்டிக் பெருங்கடலையே கடந்தது. 2021 நவம்பரில் வேல்சின் வடகரையிலுள்ள டலாக்கர் என்னும் இடத்தில் அது கிடந்தது. அங்குள்ளோர் அதற்கு ‘டேலி’ எனப் பெயரிட்டனர். ஆங்கில்சி கடல்விலங்குக் காட்சியகத்தார் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதனைப் பேணினர். 2023 ஆகஸ்டில் விமானத்தில் டெக்சாசுக்கு அனுப்பினர். செப்டம்பரில் கால்வெஸ்டன் கரையில் அது மெக்சிகோ வளைகுடாவின் நீரை மீண்டும் அடைந்தது. ஓர் இளம் ஆமைக்காக இரு நாட்டு மக்கள் இத்தனை முயற்சி எடுத்தனர். வீண் செலவு என்று கூறுவாரும் இருக்கலாம். வளர்ந்து முட்டையிடும் பெண் ஆமை ஒவ்வொன்றையும் எண்ணிக் காக்க வேண்டிய நிலையிலுள்ள இனத்துக்கு அது வீண் அன்று.

தங்கிவிட்டவை

வழிமாறி வந்தவை அனைத்தும் மடிவதில்லை, திரும்புவதும் இல்லை. சில தங்கிவிடுகின்றன. இந்தியப் பெருங்கடலின் நடுவே கோகோஸ் தீவுகள் உள்ளன. மற்ற ஆவுளியாக்கள் வாழும் கரைகளோ அங்கிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. இடையில் இருப்பது ஆழ்கடல். மேய்வதற்குக் கடற்புல் இல்லை. ஆயினும் தனியொரு ஆவுளியா அத்தொலைவைக் கடந்து அத்தீவின் காயலில் குடியேறியது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அதனை விரிவாகப் பதிவு செய்துள்ளது. கரையோரப் புல்லை விட்டு விலகாத விலங்கு என்று கருதப்பட்ட ஒன்று, பெருங்கடலையும் கடக்க வல்லது என்பதை அத்தனி உயிர் உலகுக்குக் காட்டியது. ஆயினும் துணையின்றித் தங்கிய உயிர், தன்னோடு முடியும் குடும்பம்.

மற்றொரு வகைத் தங்கல் கவலைக்குரியது. 1869இல் சூயசு கால்வாய் திறக்கப்பட்டபின், செங்கடல் உயிர்கள் மத்தியதரைக் கடலுக்குள் நுழையத் தொடங்கின. அவற்றுள் ஒன்று நஞ்சுள்ள ஒரு பேத்தை மீன். 2003இல் துருக்கியின் கோகோவா விரிகுடாவில் அது முதன்முதலாகப் பிடிபட்டபோது, அது ஓர் அரிய காட்சி மட்டுமே. சில ஆண்டுகளில் கிழக்கு மத்தியதரைக் கடல் முழுவதும் பரவியது. இன்று அது மீனவரின் வலையைக் கடித்துக் கிழிக்கிறது, உண்டவர்க்கு நஞ்சாகிறது. சிட்னியில் குளிர்காலத்தைத் தாண்டிய சிறு மீன்களை இங்கு நினைவுகூர வேண்டும். கடல் தொடர்ந்து வெப்பமுறும்போது, இன்றைய அரிய வருகை நாளைய குடியேற்றமாகலாம். ஆகவேதான் ஒவ்வோர் அரிய காட்சியும், நாளும் இடமும் குறித்து, படத்துடன் பதிவு செய்யப்பட வேண்டியதாகிறது. செஸ்ஸியின் வரலாறு தெரிந்தது தழும்பைக் குறித்துவைத்த பதிவினால். பேத்தை மீனின் பரவல் தெரிந்தது முதல் மீனைக் குறித்துவைத்த பதிவினால்.

கரையில் நிற்பவர் செய்யத்தக்கவை

தமிழகக் கரைக்கும் இது பொருந்தும். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆவுளியாக்களின் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்கள் அப்பகுதியில் உள்ளனர். இழப்பு அவர்களுடையது, எனினும் செய்தனர். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் குழுவொன்று, பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில் இரவுதோறும் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறது.

கடற்கரைக்குச் செல்லும் குடும்பத்தினர் மனத்திற்கொள்ள வேண்டியவை சிலவே. இரவில் கரையேறும் ஆமை வழிதவறியதன்று, அது தாய். விளக்கடித்தும் கூட்டங்கூடியும் அதனைத் திருப்பி அனுப்பலாகாது. கரையில் சோர்ந்து கிடக்கும் எவ்வுயிரையும் உடனே நீருக்குள் தள்ளலாகாது. சோர்வின் காரணம் நீரிலேயே இருக்கலாம். உணவு இடலாகாது, அருகே நின்று படமெடுக்கச் சூழலாகாது. நாய்களையும் கூட்டத்தையும் விலக்கி நிறுத்துக. வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் செய்தி கூறுக. நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து, தொலைவில் நின்று ஒரு படம் எடுத்துவைக்க. பிள்ளைகள் உடனிருந்தால், ஏன் தொடவில்லை என்பதை அவர்களுக்கு விளக்குக. அவ்விளக்கம், அன்றைய கடற்கரைப் பயணத்தின் மிகச் சிறந்த பாடமாக அமையும்.

அவையோரே! ஓர் உயிர் துன்புறுவதைக் கண்டு நெஞ்சம் உருகுவது உயர்ந்த பண்பு. ஆயினும் உருகிய நெஞ்சின் முதல் எண்ணமே சரியான செயலாக இருந்துவிடுவதில்லை. ஆமையை நீரில் விட்டவனும் இரக்கமுடையவனே. பாசியால் மூடிவைத்துச் செய்தி அனுப்பியவனும் இரக்கமுடையவனே. முன்னவன் கையில் அது இறந்தது. பின்னவன் கையில் பிழைத்தது. இருவரையும் வேறுபடுத்தியது அன்பின் அளவன்று. அறிந்துகொள்ள எடுத்துக்கொண்ட சிறு முயற்சியே. எவ்வுயிருக்கு என்ன தேவை என்று கேட்டறியும் பொறுமையும் இரக்கத்தின் ஒரு பகுதியே ஆகும்.